பூஜ்யத்தில் நிற்கும் குமிழ்

ஓணானின் தொண்டை துடிப்பது தெரிந்தது. எழுநூறு மீட்டருக்கு அப்பால், கடைசிக் குறிப்பலகைக்கும் பின்னால், மொட்டைப் பாறை மேல் அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தொண்டை ஏறி இறங்குவது, கையை நீட்டினால் விரலில் பட்டுவிடும் போல அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. முனிரத்தினம் மூச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டார். சுடுவதற்காக அல்ல. மூச்சு விட்டால் ஓணான் ஓடிவிடும் என்று ஏனோ தோன்றியது. எழுநூறு மீட்டர், இவர் தும்மினால்கூட அதற்குக் கேட்காது, ஆனால் இந்தக் கண்ணாடி அப்படிச் செய்கிறது, தூரத்தை எடுத்து வேறெங்கோ வைத்துவிடுகிறது. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம், அதில் பதினோரு வருஷம் ஸ்கோப்பில் கண் வைத்தே பிழைத்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நடுவில் எவ்வளவு தெளிவோ ஓரத்திலும் அவ்வளவு தெளிவு. பாறை வெடிப்பில் முளைத்த புல்லின் பழுப்பு வேறு, பாறையின் பழுப்பு வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. காலையில் உறையைக் கழற்றியபோது முன் கண்ணாடியில் புறாக் கழுத்து நிறம் ஒரு தரம் ஓடி மறைந்ததைப் பார்த்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். எந்த ஊரில் எவன் உட்கார்ந்து இதைத் தேய்த்தானோ, எத்தனை நாள் தேய்த்தானோ, அவன் கை நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தார். நினைத்த உடனே வாய் கசந்தது. இது மூணாம் நம்பர். ஞானதாஸ் சொன்ன நம்பர்.

மூணாம் நம்பர் என்று அவன் சொல்லியிருக்காவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம், மாந்தோப்புகள் முடிந்து கரடு தொடங்கும் இடத்தில், ஒரு தனியார் கம்பெனியின் சுடுதளம் இது. கம்பெனி பட்டாளத்துக்காகப் பெரிய குண்டு ரைஃபிள் ஒன்று செய்திருக்கிறது, ஒன்றரைக் கிலோமீட்டர் போய் அடிக்கும், தோட்டா ஒவ்வொன்றும் நடுவிரலைவிட நீளம். ரைஃபிள் தயார், அதன் முதுகில் எந்த ஸ்கோப்பை உட்கார வைப்பது என்பதுதான் பாக்கி. ஒரே மாதிரி மூன்று ரைஃபிள்களில் மூன்று ஸ்கோப்பை மாட்டி, செய்தவன் பெயர் தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டி, வெள்ளைப் பெயிண்டில் ஒன்று இரண்டு மூன்று என்று போட்டு வைத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க இரண்டு பழைய பட்டாளத்துக்காரர்கள் வேண்டும் என்று கம்பெனி தேடியபோது, எந்தப் புண்ணியவானோ குடியாத்தத்திலிருந்து இவரையும் நாகர்கோவிலிலிருந்து அவனையும் பிடித்துக் கொடுத்திருக்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். இஞ்சினியர் ஹேமலதா மேடம் முதல் நாளே விவரமாகச் சொல்லிவிட்டார். "தனித்தனியா சுட்டுப் பாத்து ஆளுக்கு ஒரு நம்பர் எழுதிக் குடுங்க சார். ரெண்டு பேரும் ஒரே நம்பர் சொன்னீங்கன்னா அதையே வாங்கிடுவோம். வேற வேற சொன்னா, தெரிஞ்சவங்களுக்கே ஒத்துப் போகலன்னு சொல்லி, மேல இருக்கறவங்க விலை கம்மியானத எடுத்துடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." விலை கம்மியானது ஒன்றாம் நம்பர். அதன் ஓரமெல்லாம் அரிசி களைந்த தண்ணீர். நேற்று முன்தினம் அதில் கண் வைத்த உடனே இவர் பயந்துவிட்டார், கண்ணாடியைப் பார்த்து அல்ல, தன் கண்ணை நினைத்து. வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது என்று வேலூரில் டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது, யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. கலங்கல் கண்ணாடியிலா கண்ணிலா. இடது கண்ணை மாற்றி வைத்துப் பார்த்தார், அதே கலங்கல். உயிர் வந்தது. கண்ணாடிதான். இன்று மூணாம் நம்பரில் ஓணானின் தொண்டையைப் பார்க்கிற வரைக்கும் அந்த பயம் முழுதாகப் போகவில்லை, இப்போது போய்விட்டது, அதற்கும் சேர்த்து இந்தக் கண்ணாடிக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் அவன் சொன்ன நம்பராயிற்றே. யார் எந்த நம்பர் எழுதினார்கள் என்று வெளியே தெரியக்கூடாது. காலையில் குறிப்பலகைக்குப் பேப்பர் ஒட்டுகிற திம்மராயன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "நேத்து அந்த நாகர்கோயில் சார் மூணு மூணுன்னு ஒரே புகழ்ச்சி சார். பொண்ணு பாத்துட்டு வந்தவன்கூட அப்படிப் பேசமாட்டான்" என்று சிரித்தான். அந்த நிமிஷமே இவர் மனசில் இரண்டு என்று எழுதியாகிவிட்டது. இரண்டாம் நம்பரும் நல்ல கண்ணாடிதான். குறை சொல்ல முடியாது. இவர் இரண்டு என்று எழுதினால் கம்பெனி ஒன்றை வாங்கும், இருநூறு ரைஃபிளில் அரிசித் தண்ணீர்க் கண்ணாடி ஏறும், ஏதோ ஒரு பனி மலையில் அதில் கண் வைத்து ஒருத்தன் படுத்திருப்பான், அவனுக்கு எதிரில் வேறு ஒருத்தன் நல்ல கண்ணாடியோடு படுத்திருப்பான். அதெல்லாம் தெரியும். தெரிந்தும், அவன் சொன்ன நம்பரைச் சொல்ல நாக்கு வரவில்லையே, அதற்கு என்ன செய்வது.

பின்னால் தகரக் கொட்டகையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். இவருக்கு முதுகில் தெரிகிறது. மூன்று நாளாக இரண்டு பேரும் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால்கூட இவர் மேடத்திடம் கேட்கிறார், அவன் பக்கத்தில் பாட்டில் இருந்தாலும். முதல் நாள் அவன்தான் ஆரம்பித்தான், "என்ன டே முனி, சொகமா இருக்கியா" என்று. இவர் காதில் விழாதது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேடம் அவனை சாப் என்று கூப்பிடுகிறார், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நாயப் சுபேதாராக ரிட்டையர் ஆனவன் அல்லவா, சாப்தான். இவர் ஹவில்தாராகவே வீட்டுக்கு வந்தவர். அந்த ஒரு சொல்லை அவனைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறார், இன்றுவரை சொன்னதில்லை. ஒரே ஜோடி இரண்டு பேரும். இவர் சுடுவார், அவன் பக்கத்தில் படுத்து தூரமும் காற்றும் சொல்லுவான், கார்டில் எழுதுவான், இவருக்கு எழுத்து கொஞ்சம் தகராறு. ஏழு வருஷம் சுடுவதற்கு விரிக்கும் ஒரே பாயில் படுத்தார்கள். அவன் காற்றைப் படிக்கிற மாதிரி ஒருத்தன் படித்து இவர் பார்த்ததில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து "ஒண்ணரை எடது" என்பான், ஒன்றரைதான் இருக்கும். பிறகு அந்தப் போட்டி வந்தது, பிரிகேடு போட்டி, இருபத்து நாலு வருஷம் ஆகிறது, ஆளுக்கு ஒரே குண்டு, எழுநூறு மீட்டர். அடித்தால் இவர் பெயர் மேலே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். குறுக்குக் கோடு பலகை நடுவில் ஆணி அடித்தது போல நின்றது, இப்போது கண்ணை மூடினாலும் தெரிகிறது, விரல் அழுத்தியதே தெரியாமல் குண்டு போனது, அவ்வளவு சுத்தமான சூடு. பள்ளத்திலிருந்து சிவப்புக் கொடி வெளியே வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பலகையிலேயே இல்லை. ஆயிரம் பேர் பார்க்க அந்தக் கொடி ஆடியதை எத்தனை தரம் கனவில் பார்த்திருப்பார். ஆனால் அதைவிட ஆறாதது அடுத்து நடந்தது. இவர் முகத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார், ஓரக்கண்ணில் பார்க்கிறார், ஞானதாஸ் கையை நீட்டி குண்டு விழும் உயரத்தை ஏற்றி இறக்குகிற, ஸ்கோப்பின் மேல் குமிழைப் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுகிறான். சத்தமில்லாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. முதல் நாள் இரவு துடைத்து வைக்க ரைஃபிளை வாங்கிப் போனவன் அவன். துடைக்கும்போது குமிழைத் திருகி, ஒரு சுற்று தப்பாக வைத்துவிட்டு, இப்போது தடயத்தை அழிக்கிறான். ஒரு சுற்று தப்பினால் எழுநூறு மீட்டரில் குண்டு பலகைக்கு மேலே இன்னொரு ஆள் நிற்கிற உயரத்தில் போய்விடும், போட்டிக்காக எழுநூறு மீட்டருக்கே பூஜ்யம் வைத்திருந்ததால் குமிழில் கோடு என்னவோ பூஜ்யத்தில்தான் நிற்கும். இவர் நேராக சுபேதார் சாப்பிடம் போய்ச் சொன்னார், குமிழை அவன் தொட்டான் என்று. சாப் கூப்பிட்டுக் கேட்டார், தொட்டியா. அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை, சாவதானில் விறைத்து நின்றான், அவ்வளவுதான். இவரை அணியிலிருந்து எடுத்து ரேஷன் ஸ்டோருக்கு அனுப்பினார்கள், மீதி வருஷத்துக்குப் பருப்பு மூட்டை. இரண்டு வருஷத்தில் அவன் சாப்.

சரி, போகட்டும், வேலையைப் பார்ப்போம் என்று மூணாம் நம்பரின் மேல் குமிழில் கை வைத்தார். வைத்ததும் மறுபடி அந்தச் சந்தோஷம். திருகும்போது ஒவ்வொரு டக்கும் தனித்தனியாக விரலில் வந்து விழுகிறது, பட்டாளத்து ட்ரங்குப் பெட்டியின் கொக்கி விழுவது போல, ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை, ஒன்றுகூட மொழுக்கென்று நழுவுவதில்லை. நூறு மீட்டரில் ஒரு டக்குக்கு ஒரு சென்டிமீட்டர், நூறு டக்குக்கு ஒரு சுற்று. நேற்று இதில் நூற்றைம்பது டக் மேலே ஏற்றிச் சுட்டு, கீழே இறக்கிச் சுட்டபோது, பழைய ஓட்டையிலேயே புதுக் குண்டு போனது, திம்மராயன் பேப்பரைத் தூக்கிக் காட்டி "ஒரே ஓட்டை சார், இன்னொண்ண எங்க தேடுறது" என்றான். ஆனால் ஒன்று மட்டும் நேற்றே இவருக்குப் பிடிக்கவில்லை. கீழே இறக்கிக்கொண்டு வரும்போது பூஜ்யத்தில் டொக் என்று முட்டி நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு டக்கூட நகராது, ஒரு சுற்று மேலே இருக்கும்போது வழியில் வரும் பூஜ்யத்தில் நிற்காது, கடைசிப் பூஜ்யத்தில் மட்டும் நிற்கும். எவனோ மணிக்கட்டைப் பிடித்து, போதும் என்று சொல்வது போல. யாருக்கு இது. கை தெரியாதவனுக்கு. முனிரத்தினத்தின் கட்டைவிரலுக்கு எதற்கு. பூஜ்யக் கோடு குமிழில் லேசாகப் புடைத்திருக்கும், கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே, எண்ணாமலே, கட்டைவிரலால் தடவி அதில் கொண்டுவந்து நிறுத்துவார், பட்டாளத்தில் இதற்காகவே இவரைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லுவார்கள். எண்ணிக்கொண்டிருப்பவன் கணக்குப் பிள்ளை, சுடுகிறவன் அல்ல என்பார். அதுதான் காரணம், நிற்கிற குமிழ் வேண்டாம், இரண்டாம் நம்பர் சுதந்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. நிம்மதியாக நகர்ந்து இரண்டாம் நம்பர் ரைஃபிளுக்குப் பின்னால் படுத்தார். தோளில் கட்டையைப் பதித்தார். நூறு மீட்டரில் இரண்டு ஆள் உயரப் பேப்பர், நடுவில் கறுப்புப் புள்ளி. முதல் குண்டு, உதை தோளில் இறங்கி இடுப்பில் போய் முடிந்தது, புள்ளியில் ஓட்டை. நூற்றைம்பது டக் ஏற்றினார், ஒன்றரைச் சுற்று, இரண்டாம் குண்டு ஒன்றரை மீட்டர் மேலே, சரி. இனி இறக்க வேண்டும். கண்ணைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டார். கானல் இடமிருந்து வலமாக மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, பேப்பர் தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடியது, ஒன்றரை எடது என்று அவன் குரல் தானாக வந்தது, சீ என்று தள்ளினார், கட்டைவிரல் தடவிக்கொண்டே போய்ப் புடைப்பில் நின்றது. பூஜ்யம். சுட்டார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. திம்மராயன் குரல். "சார், நடுவுல இல்ல சார். மேல விழுந்திருக்கு. அளந்து பாத்தேன், கரெக்டா ஒரு மீட்டர். நூல் புடிச்ச மாதிரி நேர் மேல." ஒரு மீட்டர். நூறு சென்டிமீட்டர். நூறு டக். கொட்டகையில் மேடம் எழுந்து வருகிற காலடிச் சத்தம் கேட்டது, "அப்போ ரெண்டாம் நம்பர் திரும்பி வரல, அதானே சார், ஃபெயில்னு எழுதிக்கவா" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். எழுதிக்கட்டும், ஸ்கோப் ஃபெயில், யாருக்கு என்ன நஷ்டம், செய்தவன் பெயர்கூட டேப்புக்கு அடியில் இருக்கிறது. இவர் கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். குமிழைப் பார்த்தார். பூஜ்யக் கோடு பூஜ்யத்தில்தான் இருக்கிறது. ஆனால் குமிழுக்கு அடியில், தண்டில், ஒரு வெள்ளை வளையம் கூடுதலாகத் தெரிகிறது. ஒரு சுற்று மேலே நிற்கிறது என்று அர்த்தம். கை இறங்கி வரும்போது முதலில் வந்த பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது, அதற்குக் கீழே இன்னொரு சுற்று இருப்பதைக் கட்டைவிரல் மறந்துவிட்டது. கட்டைவிரலுக்கு எல்லாப் பூஜ்யமும் ஒன்றுதான். ஸ்கோப் ஒரு தப்பும் செய்யவில்லை. வயசாகிவிட்டது, அதான், வயசு, வெயில், கானல், அவன் குரல் வேறு நடுவில் வந்து கெடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை, ஏனென்றால் இதே மாதிரிதான் அன்றைக்கும் இறக்கினார், எப்போதும் இப்படித்தான் இறக்குவார். அன்றைக்கு. போட்டிக்கு முதல் நாள். சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று ஆயிரம் மீட்டர் பலகையை ஒரு தரம் பார்க்கலாம் என்று குமிழை ஏற்றினாரே. எவ்வளவு ஏற்றினார். ஒரு சுற்றுக்கு மேலேயே போயிருக்கும், ஆயிரம் மீட்டருக்கு அந்த ஸ்கோப்பில் அவ்வளவு வேண்டும். பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. கட்டைவிரலால் இறக்கினார். பூஜ்யம். அப்புறம்தான் ரைஃபிள் ஞானதாஸ் கைக்குப் போனது. இந்தச் சாயங்காலம் இருபத்து நாலு வருஷமாக எங்கே இருந்தது. ராத்திரி துடைத்தவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் சாயங்காலம் கண்ணில் படவே இல்லை. அப்படியானால் அவன் சுற்றினானே, கொடி ஆடிக்கொண்டிருக்கும்போது, கையை நீட்டி, அது. அது யாருடைய தப்பை அழித்தது. குமிழ் ஒரு சுற்று தப்பாக இருப்பதை அதிகாரிகள் பார்த்திருந்தால், ஆயுதத்தைப் பார்க்காமல் சுட்டவன் என்று இவர் மேல்தான் எழுதியிருப்பார்கள், ஹவில்தார் பட்டையே போயிருக்கும். குமிழ் சரியாக இருந்ததால் காற்றில் தப்பிய குண்டு என்று முடிந்தது, ரேஷன் ஸ்டோரோடு போயிற்று. அந்தக் கையைத்தான் இவர் போய்க் காட்டிக்கொடுத்தார்.

"சார்? ஃபெயில்னு போட்டுக்கவா?"

மேடம் பக்கத்தில் குனிந்து நின்றார். கையில் பேனா. முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தார், முழங்கால் கரகரவென்றது.

"வாணாம் மேடம். ஸ்கோப்பு நல்லாத்தான் கீது. என் கை தப்பு. ஒரு சுத்து மேலயே நிறுத்திட்டேன்."

"நீங்களா?"

"நான்தான். தோ பாருங்க, அடியில வளையம் தெரியுது. எழுதிக்குங்க, சுட்டவன் தப்புன்னு."

கொட்டகையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இவர் திரும்பவில்லை. மூணாம் நம்பர் ரைஃபிளை இழுத்து மடியோரம் வைத்துக் குமிழைத் திருகினார். ஏற்றி, ஏற்றி, ஒரு சுற்று தாண்டி ஏற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இறக்கினார். முதல் பூஜ்யத்தில் கட்டைவிரல் நின்றது. அங்கே டொக் வரவில்லை. அப்படியானால் இது இல்லை, இன்னும் இருக்கிறது, போ, என்றது குமிழ். போனார். டொக். முட்டி நின்றது. நேற்று அவமானமாக இருந்த அதே பிடி. இதைச் செய்தவன் எங்கேயோ ஒரு நாட்டில் உட்கார்ந்து, கை தெரியாதவனை நினைத்துச் செய்யவில்லை, தனக்குக் கை ரொம்பத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவனுக்காகச் செய்திருக்கிறான். என்ன மூளை. இன்னொரு தரம் ஏற்றி இறக்கினார். டொக். அலுக்கவில்லை.

"எந்த நம்பர்னு சொல்றீங்க சார்?" மேடம் படிவத்தை அட்டையில் வைத்து நீட்டினார். நம்பருக்கு ஒரு கட்டம், காரணத்துக்கு ஒரு பெரிய கட்டம். முனிரத்தினம் பேனாவை வாங்கி முதல் கட்டத்தில் மூன்று என்று எண்ணில் போட்டார். பெரிய கட்டத்தின் மேல் பேனா நின்றது. அதை நிரப்ப இவருக்கு அரை நாள் ஆகும். கார்டு எழுதுகிற வேலை எப்போதும் இவருடையது இல்லை.

திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். ஞானதாஸ் தலை முழுக்க நரைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இவரையே பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"இதக் கொஞ்சம் எழுதிக் குடு சாப்."

அவன் உடனே வரவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்து, மாட்டிக்கொண்டு, பிறகு வந்தான். பாயில் இவருக்கு இடது பக்கம், பழைய இடத்தில், முனகிக்கொண்டே உட்கார்ந்தான். அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு. என்ன எழுதணும்?"

"ஆளு தப்பு பண்ணாலும் அது பூஜ்யத்துல நின்னுக்கும்னு எழுது."

ஞானதாஸ் எழுதினான். எழுத்து முன்பு போலவே சின்னதாக, சாயாமல் இருந்தது. பாதியில் நிறுத்தினான், தலை நிமிரவில்லை.

"அன்னைக்கும் ஒரு சுத்துதான்."

"இப்பதான் தெரிஞ்சுது." முனிரத்தினம் குமிழில் கை வைத்திருந்தார். "சுபேதார் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொல்லி? ராத்திரி தொடைக்கும்போ அடியில வளையத்தப் பாக்க வேண்டியது நான்லா. பாக்கல. உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. அதுல எதப் போயி அவருட்ட சொல்லதுக்கு?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ எங்க டே நின்ன, சொல்லதுக்கு." காரணக் கட்டத்தின் கடைசி வார்த்தையை எழுதி முற்றுப்புள்ளி வைத்தான். அட்டையை இவர் பக்கம் திருப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினான், பட்டாளத்தில் காட்டுவது போலவே. முனிரத்தினம் போட்டார். மேடம் படிவத்தை வாங்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து ஞானதாஸ் முன்பே நம்பர் எழுதிக் கொடுத்திருந்த உறையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. ஞானதாஸ் கண்ணைச் சுருக்கி, சுடுதளத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கானல் மாறிட்டு, பாத்தியா. இப்போ வலதுலேருந்து வருது."

முனிரத்தினம் குப்புறப் படுத்து மூணாம் நம்பரில் கண் வைத்தார். மொட்டைப் பாறை மேல் ஓணான் இன்னும் இருந்தது.

"எவ்ளோ சாப்?" என்றார்.